ஊருணி வரை வந்த விஷம்

இந்தப் பயணத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் தராத இடங்களையும் விடப் போவதில்லை. நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகையில் போன முறை எழுதிய சித்தன்னவாசல் கட்டுரையில், மூச்சு வாங்காமல் மேலே ஏறியதாக எழுதியிருந்தேன். அது பொய். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். இதில் அப்படி எதுவும் இருக்காது.

ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, ஆலங்காட்டுப்பட்டியில் இருக்கும் சின்னையா மாமா வீட்டுக்குப் புறப்பட்டேன். மாமா என் அம்மாவின் தம்பி. கடலை பறிக்கும் காலத்தில் வந்தால் வயலிலேயே சுட்டுத் தின்னலாம் என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திருக்கோகர்ணத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவுடன் நடந்தேன். அறந்தாங்கி பஸ் காலை 6.45க்கு. பதினான்கு மைலுக்கு அறுபது நயா பைசா.

"தனியாவா வர்ற?" என்று கண்டக்டர் கேட்டார்.

"மாமா ரோட்டுல நிப்பாருங்க."

"நிக்கலன்னா?"

"உங்ககூடவே அறந்தாங்கி வாரேன்."

பஸ்ஸே சிரித்தது. மாமா நின்றார். ஆனால் கண் இரண்டும் சிவந்து, நாலு நாள் தாடியோடு நின்றார். "கடலை தின்ன வந்தியா தாயி? ஒனக்கு முன்னாடி வந்தவுக தின்னுட்டுப் போயிட்டாக" என்றார்.

முன்னால் வந்தவை காட்டுப்பன்றிகள். ரோட்டிலிருந்து ஊருக்கு மாட்டுவண்டியில் இரண்டு மைல். வழியிலேயே வயலைக் காட்டினார். ஒரு ஏக்கரில் பாதி, ஏர் ஓட்டியதுபோலக் கிளறிக் கிடந்தது. அத்தை அதில் உட்கார்ந்து, பன்றி கடித்துத் துப்பிய செடிகளில் முழுக் காய் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சப் பாதி இன்னும் பத்து நாளில் பறிப்புக்கு வரும். அதுதான் ஆடி மாதத்துக்கு விதை. "அதுவும் போச்சுன்னா வெதைக்கு எங்கிட்டுப் போவேன்?" என்றார் மாமா. நாலு ராத்திரியாகத் தகரம் தட்டியதில் அவர் உள்ளங்கை வீங்கியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, காதர் அண்ணன் காப்பிக்கடை வாசலில் ஊர் கூடியது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் கீழே முப்பது பேர் இருந்தார்கள். டவுனிலிருந்து வாங்கி வந்த பூச்சி மருந்தைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வைத்து வயலில் போடுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. பரண் கட்டிக் காவல் இருக்கலாம் என்றார் ஒருவர்.

"பரண்ல படுத்தா ஒனக்குத்தான் தூக்கம் வருது. பன்னிக்கு வரலயே!" என்றார் இன்னொருவர்.

வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவர் காதர் அண்ணன் ஒருவர்தான். அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். "ஒமக்கென்னய்யா? நீரு பன்னியத் தொடவும் மாட்டீரு, திங்கவும் மாட்டீரு. அதுக்குப் போயி இம்புட்டுப் பரிஞ்சு பேசுறீரே!" என்று கூட்டத்தில் ஒருவர் சீண்டினார்.

காதர் அண்ணனும் சிரித்தார். "நான் பன்னிக்குப் பேசலங்க, தண்ணிக்குப் பேசுறேன். மருந்து தின்ன உசுரு வயித்தெரிச்சல்ல தண்ணியத் தேடித்தான் ஓடும். இந்தச் சித்திரையில தண்ணி எங்கிட்டு இருக்கு? நம்ம ஊருணியிலதான். அதுலதான் குடிக்கிறோம், சோறாக்குறோம், நான் காப்பியும் போடுறேன்."

ஊருணியில் அப்போது இடுப்பளவுதான் தண்ணீர். மழை வரும்வரை ஊருக்கு வேறு குடிதண்ணீர் கிடையாது. வயல் கிணறுகள் எல்லாம் உப்பு.

மாமா என்னைப் பார்த்து, "எங்க அக்கா மக டவுன்ல எட்டாங் கிளாஸ் படிக்குது. அது புஸ்தகத்துல மருந்தப் பத்தி ஒரு நோட்டீஸ் இருக்கு. படி தாயி" என்றார்.

அந்தத் துண்டுக் காகிதம் உங்களிடமும் இருக்கும். தை மாதம் பள்ளியில் எல்லோருக்கும் கொடுத்தார்களே, அதுதான். நான் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். 'விஷம் தின்ற எலி பத்தடி தூரத்துக்குள் விழுந்துவிடும்' என்று அதில் ஒரு வரி உண்டு. நான் எழுந்து நின்று, "விஷம் தின்றது பத்தடி தூரத்துக்குள் விழுந்துவிடும்" என்று படித்தேன்.

"பாப்பா, அதுல பன்னின்னு போட்டிருக்கா?" என்று கேட்டார் காதர் அண்ணன்.

"எல்லாப் பிராணிக்கும்தாண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு அரபியில ஓதத் தெரியும், இந்தத் தமிழ் எழுத்து வராது. அச்சுலயே போட்டிருக்குன்னா நான் என்னத்தச் சொல்ல?"

அத்தை வயலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த வருத்தத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை. முப்பது பெரியவர்கள் நான் அடுத்து என்ன சொல்வேன் என்று காத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தமுக்கு அடித்து, ஆடு மாடு நாய்களைக் கட்டிப்போடச் சொன்னார்கள். பொழுது சாயும்போது மாமா தன் வயலில் இருபது கிழங்கு வைத்தார். திங்கட்கிழமை விடியலில் பதினேழைப் பொறுக்கி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தார். மூன்றைக் காணோம். பத்தடியிலும் பன்றி இல்லை, நூறு அடியிலும் இல்லை. "கெழங்கத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருச்சு போல" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீருக்குப் போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார்கள்.

ஊருணியின் கீழ்ப்படியில் ஒரு தாய்ப்பன்றி, தலையும் முன்னங்கால்களும் தண்ணீருக்குள் இருக்க, செத்துக் கிடந்தது. முதுகில் கோடு போட்ட குட்டிகள் நாலு, கரையில் நின்றன. ஆட்களைப் பார்த்தும் அவை ஓடவில்லை. வயல் வரப்பிலிருந்து அந்தப் படிவரை அடி வைத்து அளந்தேன். என் காலுக்கு ஆயிரத்து நூற்றிருபது அடி.

எட்டு மணிக்குள் ஊருணி வழியை முள் போட்டு அடைத்தார்கள். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட வேண்டும் என்றும், அதை மாமாதான் முன்னின்று செய்ய வேண்டும் என்றும் ஊர் முடிவு செய்தது. "அக்கா மகளப் படிக்கவச்சு ஊரக் கெடுத்திட்டாரு" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவள் மாமாவைத்தான் ஏசினாள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காப்பிக்கடை அடுப்பு அன்று எரியவில்லை. பதினொரு மணிக்குக் காதர் அண்ணன் ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து, தோளில் கம்பு போட்டு இரண்டு தகர டின்னில் தண்ணீர் கொண்டு வந்தார். வண்டிப்பாதையில் அவரை நிறுத்தி, காகிதத்தை நீட்டி, எலிக்கு எழுதியதைப் பன்றிக்கு என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

அவர் டின்களை மெதுவாக இறக்கி வைத்தார். "எலின்னு எங்க போட்டிருக்கு, காட்டு."

விரல் வைத்துக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டெழுத்துதானா" என்றார். பிறகு, "மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

"அவரு காலையிலேர்ந்து எறைச்சுக்கிட்டு இருக்காரு. நீ சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவ" என்று சொல்லி, கம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

நான் சொல்லவில்லை. மாலை 4.10 பஸ்ஸுக்கு மாமா சேறு காயாத காலோடு வந்து, ஒரு பையில் கடலை கட்டிக் கொடுத்தார். "அடுத்த வருசம் நெறையத் தாரேன் தாயி" என்றார். பஸ்ஸில் ஒரு காய்கூட உரிக்கவில்லை.

ஆலங்காட்டுப்பட்டிக்குப் போக நினைக்கும் தோழிகள் காலை பஸ்ஸிலேயே போங்கள். வெயிலுக்கு முன் நடந்துவிடலாம். திரும்ப 4.10ஐ விட்டால் வேறு பஸ் இல்லை. மழை பெய்யும்வரை போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். அங்கே யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

விஷம் வைத்திருக்கவே கூடாதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மாமாவின் மிச்சப் பாதி வயலுக்கு அதன்பிறகு பன்றி வரவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஊர் தானே யோசித்துப் பதில் சொல்லியிருக்கும். நான்தான் விடவில்லை.

இந்தக் கட்டுரையை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று பத்திரிகைக்கு. மற்றது மாமாவுக்கு. காப்பிக்கடை வாசலில் எல்லோரும் இருக்கும்போது, ஒரு சொல்லும் விடாமல் யாராவது உரக்கப் படிக்க வேண்டும் என்று அதன் மேலே எழுதியிருக்கிறேன். தபால் தலைக்காக அம்மாவிடம் போனபோது எதற்கு என்று கேட்டாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். தன் தம்பி ஊருணி இறைத்த இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தபால் தலையை மேசைமேல் வைத்தாள். மணி எட்டரைதான். வழக்கத்துக்கு முன்பே கூடத்து விளக்கையும் என் விளக்கையும் அணைத்துவிட்டாள்.