படம் பார்த்து வெட்டிய கழுத்து

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற புதிதில், வேலையில்லாத படித்தவன் செய்யக்கூடிய மடத்தனத்தைச் செய்தேன். மேசனைக் கூப்பிடாமல் சுவரை நானே உளியால் கொத்தினேன். உளியின் தலையிலிருந்து தெறித்த இரும்புச் சில்லொன்று கழுத்தில் புகுந்துகொண்டது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் அது வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதைப் பார்த்து வைத்துக்கொண்டு கழுத்தைத் திறந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தபோது நேராக இருந்த கழுத்தை மேசையில் திருப்பி வைத்ததும், சில்லும் இடம் மாறிவிட்டதாம். விண்ணப்பிக்காமல் இடமாற்றம் பெறும் பாக்கியம் என் சேவைக் காலத்தில் எனக்குக் கிடைத்ததேயில்லை. தைத்து, கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் யாழ்ப்பாணத்தவர்.

"ஐயா, துண்டு குரல் நரம்புக்குக் கிட்டக் கிடக்கு. தடவித் தேடினால் நரம்பு போயிடும், பிறகு கதைக்க ஏலாது. தியேட்டரிலை படம் பாத்துப் பாத்துத்தான் வெட்டுவம்."

அவர் நகர்ந்ததும் என் மனைவி காதருகே குனிந்தாள். "தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயி, படம் பாத்துக்கிட்டே வெட்டப் போறாராம். வேல நேரத்துல எதுக்குங்க படம்?"

"சண்டைப் படமா இல்லாட்டிச் சரி," என்றேன்.

டொக்டர் சொன்ன படம், வெட்டும்போதே கழுத்தின் உள்ளே இருப்பதைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே இயந்திரத்தில் தெரிவது. ஆனால் அந்த இயந்திரம் எலும்பு வார்டுக்குச் சொந்தம். ஒரு பிரிவின் சொத்தை இன்னொரு பிரிவு இரவல் வாங்கும் முறையை நான் டொக்டருக்கு விளக்கி, கடிதத்தையும் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"நீங்கள் எழுதி முடிக்கிறதுக்குள்ளை துண்டு நெஞ்சுக்கு இறங்கிடும்," என்றார்.

மறுநாள் இயந்திரம் ஒரு கையொப்பமுமின்றி உருண்டு வந்தது. அந்த முறைகேட்டைப் பார்த்தபடியே மயங்கினேன். சில்லு இருக்கும் இடத்துக்கு அடையாளமாக ஊசியொன்றைக் குத்தித் திரையில் பார்த்து, பக்கவாட்டிலும் பார்த்து, அப்புறம்தான் கத்தி வைத்தார்களாம். சில்லை எடுத்தபின், தைக்குமுன், மிச்சம் ஏதும் உண்டா என்று இன்னொரு முறையும் பார்த்தார்களாம்.

கண் விழித்தபோது டொக்டரும் மனைவியும் கட்டிலருகே நின்றார்கள்.

"ஏதாச்சும் பேசுங்க," என்றாள்.

"மெஷின் வாங்குனதுக்கு அப்புறமாச்சும் எலும்பு வார்டுக்கு எழுதிக் குடுத்தாங்களா?" என்றேன். குரல் கரகரத்தது, ஆனால் என் குரல்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நரம்புக்கு ஒன்னும் ஆகலைங்க டொக்டர். பழைய மாதிரியே தொணதொணக்கிறாரு."