கனகராஜ் ஐயாவின் கையெழுத்து இல்லாத கடிதம்

கனகராஜ் ஐயா இறந்துவிட்டார். ரெட்டியார்பாளையத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தாரே... அவர்தான்.

காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார் என்று அவர் மருமகள் போன் செய்தாள். எண்பத்தெட்டு வயது. அதில் அறுபது வருஷத்துக்கு மேல் நுரையீரல் நோயோடு இருந்தவர்.

அந்தக் கடையில் தூசு தட்டுகிற வழக்கமே கிடையாது. எல்லாவற்றையும் ஈரத்துணியால்தான் துடைப்பார். அவரிடம் வாங்கிய நோட்டின் அட்டை எப்போதும் லேசாக நெளிந்திருக்கும். வகுப்பில் பார்த்ததுமே சொல்லிவிடலாம், இது கனகராஜ் கடை நோட்டு என்று.

சாக்பீஸ் மட்டும் விற்க மாட்டார். நான் டீச்சரான பிறகு ஒரு நாள் கேட்டேன். "ஸ்டேஷனரி கடை வச்சிக்கிட்டு சாக்பீஸ் இல்லன்னா எப்படிங்கய்யா?"

"ஸ்கூல்ல தூசு முழுங்கறது பத்தலியா டீச்சர்? என் கைல வேற வாங்கி முழுங்கணுமா?"

சிரிப்பார். பாதிச் சிரிப்பில் நிறுத்தி, சூடான டீயை ஆற்றுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவார். அது முடியும் வரை காத்திருக்க எங்கள் தெருவே பழகியிருந்தது.

படியேறும்போது "மெதுவா... மெதுவா..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அப்படியே எழுபது தாண்டியும் சைக்கிள் ஓட்டினார். பீச் ரோட்டை, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, முழுசாக நடந்தார்.

போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "ஒரு லெட்டர் எழுதணும் டீச்சர். என் கை நடுங்குது."

அரியாங்குப்பத்தில் இருக்கும் செல்விக்கு. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய பழைய சிநேகிதர் ஆறுமுகத்தின் மகள். "அவ அப்பனப் பத்தி தப்பா நெனச்சிக்கினு இருக்கா. நான் போறதுக்குள்ள அவளுக்குத் தெரியணும்" என்றார்.

மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து எழுதினோம். அவர் ஊதி ஊதிச் சொல்ல, நான் காத்திருந்து காத்திருந்து...

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். இருவருக்கும் ஒரே மில்லில், பஞ்சு பறக்கிற இடத்தில் வேலை. ஆறுமுகத்துக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி மில்லில் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். நெஞ்சு சரியில்லை என்று வந்தால் வேலை போய்விடும். வீட்டில் கைக்குழந்தை... அதுதான் செல்வி.

"உனக்குத்தான் இருமலே இல்லியேடா. என் பேர்ல போய் நின்னுட்டு வாடா" என்று ஆறுமுகம் கெஞ்சியிருக்கிறார். ஐயா போய் நின்றார்.

"'ரெஸ்பிரே'ன்னாரு டாக்டரு. மூச்ச இழுன்னு அர்த்தம். இழுத்தேன். அவ்ளோதான் டீச்சர் நான் செஞ்சது."

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் சொன்னாராம்: "ஆறுமுகம், இது இப்பத்தான் ஆரம்பம். இனிமே பஞ்சத் தொடாத. ரொம்ப வருஷம் நல்லா இருப்ப."

அது ஐயாவின் நெஞ்சு. சீட்டில் இருந்தது ஆறுமுகத்தின் பெயர்.

ஐயா அந்த வாரமே மில்லை விட்டு நின்றுவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து ஆறுமுகத்தை மில்லே அனுப்பிவிட்டது. அவர் கவலைப்படவில்லை. "அது உன் நெஞ்சுடா! எனக்கு ஒண்ணுமில்ல" என்று சிரித்தாராம். சிரித்துக்கொண்டே மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கப் போனார்.

அவருடைய நெஞ்சை யாரும் படம் எடுக்கவே இல்லை. செல்விக்கு நாலு வயதாகும்போது, இருமி இருமியே...

"நீயும் ஒரு படம் எடுத்துப் பாருடான்னு நான் அவங்கிட்ட சொன்னனா, இல்லியா... ஞாபகமே வர மாட்டேங்குது டீச்சர்."

"சொன்னதா எழுதட்டுமாய்யா?"

"தெரியாதத எழுதாதீங்க."

டைப் செய்து எடுத்து வருகிறேன், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. அப்புறம் ஒரு கல்யாணம். பிரின்ட் எடுத்தும் பத்து நாளாக என் கைப்பையிலேயே கிடந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு.

இன்று ஐயா வீட்டுக்குச் செல்வியும் வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் யாரென்று மருமகள் சொன்னாள்.

"சின்னதுல வருஷா வருஷம் நோட்டு எடுத்தாந்து குடுப்பாரு டீச்சர். டாக்டரு சொல்லாமலே பஞ்ச வுடணும்னு இவருக்குத் தோணிச்சி பாருங்க... எங்கப்பாவுக்கு டாக்டரு சீட்டே எழுதிக் குடுத்தாராம். பொண்டாட்டி புள்ள இருக்குதேன்னு நெனைக்கல. சிரிச்சிட்டுப் போய்ட்டாரு. எங்கம்மா சாவுற வரைக்கும் திட்டிச்சி. நானுந்தான். அவரு படத்தக்கூட வூட்ல மாட்டல."

பை என் மடியில் இருந்தது. கடிதம் அதற்குள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

ஐயா சொல்லியிருந்தால் செல்வி நம்பியிருப்பார். ஒரு கையெழுத்தாவது இருந்திருந்தால்... அவர் பெயருக்கு மேலே நான் விட்டுவைத்த அந்த வெள்ளை இடத்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நாளை அரியாங்குப்பம் போகிறேன். அந்த வீட்டுக்குள் நுழைந்து எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மெதுவாகப் போங்கள், ஐயா. மெதுவாக...