அழுக்குப் படாத பக்கங்கள்

அலுவலகத்தில் அவளுக்கு டிக்கம்மா என்று பெயர். ஆடிட்டரிடம் பதினோரு வருடமாக உதவியாளர் வேலை. ரசீதுகளைச் சரிபார்த்து அவள் போடும் பச்சை டிக்குகள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருக்கும். “டிக்கம்மா பாத்தாச்சா?” என்று கேட்ட பிறகுதான் முதலாளி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறப்பார்.

அப்படிப்பட்டவளால் ஆடிட்டர் பரீட்சையில் தணிக்கைத் தாளை மட்டும் தாண்ட முடியவில்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் மண்ணைக் கவ்வியாயிற்று. கணக்கியல், வரி, சட்டம் எல்லாவற்றிலும் முதல் முறையே தேறியவள். கணக்கென்றால் கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். அந்த நிமிடத்துக்காக எத்தனை மணி நேரமும் உட்காரலாம். தணிக்கையில் அந்தச் சுகம் கிடையாது. இதை ஏன் நம்பினாய், எதை வைத்து நம்பினாய் என்று பக்கம் பக்கமாகக் குடைந்துகொண்டே இருக்கும். இரண்டாவது பத்தியில் கொட்டாவி வரும். மூன்றாவதில், நமக்கெல்லாம் இது எதற்கு என்ற எண்ணம் வரும். புத்தகத்தை மூடிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

இந்த முறை தவறினால் கெடு முடிந்துவிடும். தேறிய தாள்களும் செல்லாமல் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். முப்பத்தெட்டு வயதில் அதற்கு அவளிடம் தெம்பில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அலமாரிக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தாள். பதினான்கு பாடம், பதினான்கு கட்டம். பத்தில் பச்சை டிக். அவள் கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பத்து முடிந்துவிட்டது, இன்னும் நாலே நாலுதான் என்று பணிமனையிலும் பக்கத்து வீட்டிலும் தங்கையிடமும் செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அவள் படித்திருந்தது மூன்றுதான்.

மற்ற ஏழும் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தவை. அன்று நாத்தனார் வந்திருந்தாள். “என்ன அண்ணி, மூணுலயே நிக்குது? வண்டில பெட்ரோல் இல்லையா?” என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். அவள் கிளம்பிப் போனதும் டிக்கம்மா பேனாவை எடுத்தாள். நாளை முதல் படித்து ஈடுகட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். படித்ததையெல்லாம் சேர்த்து இன்றுதான் குறித்தேன் என்று கணவனிடம் சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

வியாழக்கிழமை குழாய்ச் சாமான் கிடங்கு ஒன்றுக்குச் சரக்கு எண்ணிக்கையைச் சரிபார்க்கப் போனாள். உள்ளே நடந்தால் காலடி பதியும் அளவுக்குத் தூசி. கிடங்குக் காப்பாளர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, நான்கு தாள்களை நீட்டினார்.

“எல்லாம் நேத்தே எண்ணியாச்சும்மா. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். இந்தத் தூசில எதுக்குக் கஷ்டப்படுறீங்க?”

வரிசை தவறாமல் டிக்குகள். எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு. தாள்களில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. இந்தத் தூசியில் ஆயிரம் பெட்டியைத் தொட்டு எண்ணியவன் கையிலிருந்த தாள் இப்படிச் சலவைச் சட்டைபோல் இருக்குமா?

மேல் வரிசையில் மூன்றாவது பெட்டியை இறக்கச் சொன்னாள். ஏணி உடைந்திருக்கிறது என்றார். அவளே மரச்சட்டத்தில் ஏறி இழுத்தாள். வால்வு இருநூறு என்று எழுதியிருந்த பெட்டி பஞ்சுபோல் கையோடு வந்தது. உள்ளே கசக்கித் திணித்த காகிதம் மட்டும்தான்.

காப்பாளர் முகம் வெளுத்தது. “எண்ணணும்னுதாம்மா இருந்தேன். மேல கேட்டுட்டே இருந்தாங்க. இப்போதைக்குப் போட்டு வைப்போம், நாளைக்கு எண்ணிக்கலாம்னு...”

நறுக்கென்று கேட்க அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அலமாரிக் கதவு நினைவுக்கு வந்தது. தாளின் மேல் ‘எண்ணப்படவில்லை’ என்று எழுதிவிட்டு, “வாங்க, முதல் பெட்டிலேருந்து ஆரம்பிப்போம்” என்றாள். ஐந்து மணி வரை எண்ணியும் பாதிதான் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் தணிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தாள். முதல் கால் பங்கின் விளிம்பு விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, தேநீர் சிந்தி உப்பியிருந்தது. மீதி, கடையிலிருந்து வந்த அன்றைய வெள்ளை.

வேலை முடிந்து வந்த கணவன் வாசலிலேயே நின்றான். அவள் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். “படிக்கலங்க. ஏழும் பொய்.”

அவன் அதிராமல் செருப்பைக் கழற்றினான். “தெரியும். அன்னிக்கே புத்தகத்தைப் பாத்தேன். ஓடின பாகமா, ஓடாத பாகமான்னு பாத்தவுடனே சொல்றது என் தொழிலாச்சே.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் ஊர் பூரா சொன்னீங்களா?”

“நாலு பேர்கிட்ட சொல்லிட்டா, அதுக்காகவாவது நீ படிப்பேன்னு நெனச்சேன்.”

அவன் சொன்ன ஒவ்வொரு முறையும் புத்தகம் இன்னும் கொஞ்சம் கனத்ததே தவிர, திறக்கவில்லை. அதை அவனிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு, “சரி, அந்த அட்டவணையைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதிக்கோ” என்றான்.

“வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.” சிவப்புப் பேனாவால் ஏழு டிக்குகளையும் ஒவ்வொன்றாகச் சுழித்தாள். பக்கத்தில் ‘படிக்கப்படவில்லை’ என்று எழுதினாள். பதினோரு பாடம், இருபத்து மூன்று நாள். எப்படிப் போட்டாலும் ஒரு பாடத்துக்கு இரண்டு நாள். திருப்பிப் பார்க்க ஒரே ஒரு நாள்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, சிவப்பு வட்டங்களையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இந்தத் தடவை பாஸாயிடுவியாம்மா?”

ஆயிடுவேன் என்று சொல்லித்தான் பழக்கம். டிக்கம்மா நாலாவது பாடத்தைப் பிரித்தாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“தெரியலடா. பாக்காம எப்படிச் சொல்றது?” என்றாள்.