பாதாள ரயிலின் காவல்காரர்

எங்கள் மாமா எறும்பைக்கூட நசுக்காமல் ஊதி ஒதுக்குகிறவர். அவரே என் சின்ன வயதில் ஒருநாள் என்னை ஓங்கி அறைந்தார்.

வடக்கே ஒரு பெரிய பட்டணத்தில் பூமிக்கு அடியில் ரயில் விடப்போவதாகச் சொல்லி மண் வெட்ட ஆள் சேர்த்தார்கள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர் போனார்கள். ஒருவர் அம்மாவின் தம்பியான மாமா, இன்னொருவர் அப்பாவின் தம்பியான சித்தப்பா. மாமா மட்டும் திரும்பி வந்தார். பாதையைப் பாதியிலேயே கைவிட்டுவிட்டார்களாம். வெட்டிய சுரங்கத்துக்குக் காவல் வேண்டுமே, அதற்குச் சித்தப்பாவைப் போட்டுவிட்டார்களாம். சித்தப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், அதனால் கடுதாசி வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திக்கு ஏகப்பெருமை. ஜமுனாமரத்தூர் சந்தையில் யாராவது விசாரித்துவிட்டால் போதும்.

"அவருக்கு இன்னா? ரயிலையே பூட்டி வச்சிக் காவல் காக்கறாரு" என்பாள். ஆனாலும் பொங்கல் வந்தால் பஸ் வரும் பக்கமே அவள் கண் இருக்கும்.

ரயிலை ஏன் விடவில்லை என்று மாமாவைக் கேட்டால் தடவைக்கு ஒரு கதை. ஒருநாள் ஊற்று பொங்கிவிட்டது என்பார். ஒருநாள் பாறை வழிவிடவில்லை. இன்னொரு நாள், மேலே இருந்த பணக்காரர் மாளிகை விரிசல் விட்டு, அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். தரைமேல் ஓடுகிற ரயிலையே பார்த்திராத எங்களுக்கு எல்லாக் கதையும் பிடித்திருந்தது.

பட்டணத்துக்காரர்களால் முடியாததை நாங்கள் முடித்துவிடுவது என்று கிளம்பினோம். சாமை அறுப்பு நேரம், பெரியவர்கள் கொல்லைக்காட்டில் இருந்தார்கள். நானும் பெரியம்மா பெண்களும் ஓடைக்கரை மேட்டைக் களைக்கொட்டால் குடைந்தோம். ஓர் ஆள் படுக்கிற அளவு வந்ததும் முதல் பிரயாணியாக நான் நுழைந்தேன். திறப்புவிழாவுக்கு மாமாவை அழைத்துவர ஒருத்தி ஓடினாள்.

மேலிருந்து கொஞ்சம் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் இரண்டு கைகள் என் கால்களைப் பற்றின.

"மாப்ள! கைய குடுடா மாப்ள! மண்ணு எறங்குதுடா!"

மாமாவின் குரல் அது. சித்தப்பாவைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். என்னை வெளியே இழுத்துப் போட்ட பிறகும் அவர் நிற்கவில்லை. காலிக் குழியை வெறுங்கையால் பறித்துக்கொண்டே இருந்தார். நகமெல்லாம் ரத்தம்.

"மாமா, நான் இங்க இருக்கறேன்" என்றேன்.

யாரோ எவளோ என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகுதான் அந்த அறை.

பொறி கலங்கி நிமிர்ந்தேன். சாமைக் கட்டோடு களத்துக்குப் போய்க்கொண்டிருந்த சித்தி கரையில் நின்றிருந்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

"காவலுக்கு இருக்கறாருன்னு சொன்னியேண்ணா" என்றாள்.

மாமா மறுபடி குழி மண்ணைப் பறிக்கக் குனிந்தார்.

அவள் தலையிலிருந்த கட்டு சரிந்து சாமை மண்ணெல்லாம் சிதறியது. சித்தி கீழே விழுந்து மாரில் அடித்துக்கொண்டு கதறினாள். இந்தச் சித்திக்கு என்மேல் இத்தனை பாசமா என்று நான் திகைத்துப்போனேன். கன்னம் எரிந்தாலும் உள்ளூரப் பெருமையாக இருந்தது. அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டுத் தேற்றினேன்.

"அழாத சித்தி. நான்தான் வெளிய வந்துட்டேனே."