வாசல்காரருக்காக ஒரு ஜெபம்

பரலோகம் உண்டா இல்லையா என்பதில் என் அத்தைக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அங்கே மாமா வருவாரா என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

அத்தை என் அப்பாவின் தங்கை. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை. பள்ளி விடுமுறையில் சில நாள் என்னையும் அழைத்துப் போவாள். விரிப்பை உதறிப் போட்டு, நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மெத்தையில் ஒரு சுருக்கம் இருக்காது. கட்டிலுக்கு அடியில் யாராவது விட்டுப்போன சீப்போ ஒற்றைக் காலுறையோ கிடக்கும். அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் பேசுவாள்.

"பாத்தியா, நேத்து இது தன்னோட ரூம்னு பூட்டிக்கிட்டுப் படுத்தவர் இப்ப எந்த ஊர்ல இருக்காரோ! நாமளும் அப்படித்தான்டா. சொந்த வீடு மேல இருக்கு."

பூமியில் இருந்த வீடோ வாடகை வீடு. மாடியில் இரண்டே அறைகள். சமையலறைக் குழாய் வருடம் முழுக்க ஒழுகும். ஒரு சொந்த வீட்டுக்கு வழி பார்க்கக்கூடாதா என்று அப்பா புலம்பினால், "கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்கண்ணா, மேல," என்று சிரிப்பாள். மாமா விடமாட்டார். "அங்கயாவது குழாய் ஒழுகாம பாத்துக்கச் சொல்லு," என்பார்.

மாமா லாரி மெக்கானிக். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது, எவ்வளவு அதட்டினாலும் வாய்த்துடுக்கும் போகாது. அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னார்களாம். "எடுத்தா நிஜமா எடுக்கணும். பொண்ணு கிடைக்கும்னு எடுக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டாராம். பதிவுத் திருமணம்தான் நடந்தது. தாத்தா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனாலும் ஞாயிறுதோறும் அத்தையைத் தன் பழைய பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆலயத்துக்கு வந்துவிடுவார். அவள் உள்ளே போவாள். அவர் வாசலில் பைக் மேல் உட்கார்ந்து செய்தித்தாளை விரிப்பார். மழை வந்தால் வளைவுக்கு அடியில் ஒதுங்குவாரே தவிர, படியேற மாட்டார். சபையில் அவருக்கு வாசல்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. "ஒரு காலையாவது உள்ள வைங்களேன்" என்று யாராவது கூப்பிட்டால், "உள்ள வந்தா பேப்பர் படிக்க விடமாட்டீங்களே" என்பார்.

புதன்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டில் ஜெபக்கூட்டம். பத்துப் பெண்களும் போதகரும் அந்தச் சின்ன அறையில் முழங்கால் இடிக்க உட்காருவார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்லி ஜெபிக்க, மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். ஒருத்தி பரீட்சை எழுதும் மகனைச் சொல்வாள், ஒருத்தி படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைச் சொல்வாள். அத்தை கடைசியில், "என் வீட்டுக்காரரைத் தொடும் ஆண்டவரே," என்பாள். அந்த வீட்டுக்காரர் அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் டீ வடிகட்டிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் ஆமென் முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்:

"சர்க்கரை யாருக்குக் கம்மி?"

இப்போது எனக்கு அறைக்கு ஓர் ஆள்கூட இல்லாத பெரிய வீடு. நெரிசலும் சிரிப்பும் டீ மணமுமாக இருந்த அந்தப் புதன்கிழமைகளுக்காக மனம் ஏங்குகிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாமாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் இனி நாள் கணக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். சபைப் பெண்கள் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனை நிம்மதியாக மூச்சுவிட விடமாட்டீர்களா என்று கத்த நினைத்தேன். போதகர் நல்லவர். குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆண்டவரே, உம்மை விசுவாசிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

மாமா அவரைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார்.

"சொல்லவா? உனக்காகச் சொல்றேன்."

 ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். அத்தை தலையை ஆட்டினால் போதும், வாழ்நாளெல்லாம் கேட்டது கிடைத்துவிடும். அவள் மாமாவின் போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"எனக்காக வேணாங்க. உங்களுக்காத் தோணினா சொல்லுங்க."

மாமா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"தோணலையே," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"சரிங்க," என்று அத்தை அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் மாமா போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்த பெண்கள் ஜாடையாகவும் நேராகவும் அத்தையைக் குத்தினார்கள். ஒரு தலையசைப்புக்கு என்ன கேடு, மனுஷனை நரகத்துக்கு அனுப்பிவிட்டாயே என்றுகூட ஒருத்தி சொன்னாள். அத்தை அன்றைக்குத்தான் உடைந்து அழுதாள். அப்புறம் என் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்: "அவர் ஒருநாளும் என்கிட்ட பொய் சொன்னதில்ல அண்ணி. போற நேரத்துல அவரைப் பொய் சொல்ல வைக்கவா? அவர் வருவாரோ மாட்டாரோன்னு எனக்கு மனசு தவிக்குது. ஆனா அப்படி ஒண்ணு என்னால முடியல."

அடுத்த புதன்கிழமையும் கூட்டம் நடந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வந்து, கடைசியில் அத்தையின் முறை.

"என் வீட்டுக்காரரைத் தொடும் ஆண்டவரே."

யாரும் ஆமென் சொல்லவில்லை. எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. மூச்சு நின்றால் கதவு சாத்தியாயிற்று, அவ்வளவுதான். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அக்கா... போனவங்களுக்காக நாம ஜெபிக்கிறதில்லையே."

"தெரியும் பாஸ்டர்," என்றாள் அத்தை. கண்ணைத் திறக்கவில்லை. "இத்தனை வருசமா கேட்டுக்கிட்டே இருக்கேன். ஆண்டவர் இன்னும் என்கிட்ட முடியாதுன்னு சொல்லல. அவர் சொல்லட்டும், நிறுத்திடறேன்."

போதகர் மறுபடி கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். பிறகு அவர்தான் முதலில் ஆமென் சொன்னார்.