மண்ணாங்கட்டிக்கு ஐஸ் போட்ட காப்பி

புருஷன் செத்தும் கெங்கம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷச் சித்திரையில் எங்கள் ராயபுரம் தெருவுக்குக் கிடைத்த பேச்சு. அடுத்தவர் துக்கத்தை அளந்து பார்ப்பதில் எங்கள் தெருவை மிஞ்ச ஆளில்லை.

புருஷன் பெயர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், இவனாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று தாய் சொக்கம்மாள் வைத்த பெயர். முப்பது வயது வரை எமன் ஏமாந்தான். பிறகு துறைமுகத்தில் கரி இறக்கும்போது பலகை வழுக்கிவிட்டது.

கெங்கம்மா ஒரு ரயில்வே கார்டு துரை வீட்டில் சமையல்காரி. அந்த வீட்டு ஆலிஸ் துரைசானி வெயில் காலத்தில் காப்பியில் கோக்கோத் தூளும் பாலும் ஐஸும் சேர்த்துக் கடையச் சொல்லிக் குடிப்பாள். மிஞ்சியதைக் கெங்கம்மா தூக்குவாளியில் வாங்கி வருவாள். வீடு வந்து சேர்வதற்குள் ஐஸ் போன இடம் தெரியாது. மண்ணாங்கட்டி வெதுவெதுப்பாகவே குடித்துவிட்டு, "ஒரு நாளாவது ஜில்லுனு குடிக்கணும்மே" என்பான். அந்த நாள் வரவில்லை.

காரியத்தன்று படையலில் அதை ஜில்லென்று வைத்தே தீருவது என்று கெங்கம்மா முடிவு செய்தாள். ஆலிஸ் கொடுத்த கோக்கோவைச் சர்க்கரையோடு வெந்நீரில் குழைத்தாள். கெட்டி டிகாக்ஷனை ஆறவைத்தாள். காய்ச்சி ஆறிய பாலில் ஆடையை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சட்டியில் ஊற்றி மத்தால் நுரைக்கக் கடைந்தாள். உமியில் புதைத்துக் கொண்டுவந்த ஐஸைக் கோணியில் சுற்றிக் குழவியால் உடைத்தாள். விரல்கள் விறைத்தன. இத்தனை நாளில் அவள் உடம்புக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

படையல் போட்டதும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. கெங்கம்மா வெளியே வர மறுத்தாள்.

"ஆளு இருந்தா எம் புள்ள வரமாட்டாண்டி," என்றாள் சொக்கம்மாள்.

"நான் வந்துட்டா ஐஸு கரைஞ்சிடும் அத்தே. செவுத்தப் பாத்துகினு குந்திக்கிறேன்."

சொக்கம்மாளுக்கு வாதாடத் தெம்பில்லை. கதவைச் சாத்தினாள்.

உள்ளே நடந்ததைக் கெங்கம்மா வெகுகாலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டி, டம்ளரைத் தடவிப் பார்த்து ஐஸ் தீரத் தீரப் போட்டுக்கொண்டிருந்தாளாம். காப்பி வழிந்து இலையில் இருந்த வடையை நனைத்தது. ஒரு சத்தமும் இல்லை. தான் இருப்பதால்தான் அவன் வரவில்லையோ என்று தோன்றியது. அதுகூட வலிக்கவில்லை. எழுந்து போனால் ஐஸ் கரைந்துவிடும் என்பதால் அப்படியே இருந்துவிட்டாள்.

சொக்கம்மாள் கதவைத் திறந்தாள்.

"வந்தானா?"

"வந்தாரு அத்தே. ஜில்லுனு கீதுன்னு சொன்னாரு."

"என்னியக் கேட்டானா?"

கெங்கம்மா அதை எதிர்பார்க்கவில்லை. "கேட்டாரு," என்றாள்.

"நான் வாசல்லதானேடி நின்னுகினு இருந்தேன். கூப்ட்டிருக்கக் கூடாதா?"

கிழவி இலை முன்னால் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கெங்கம்மா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை.