மாமாவின் மலையூர்கள்

பிரான்ஸ் நாட்டு மலையூர் ஒன்றையும் அந்த வயதில் நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஆக்லாந்து நகரத்தின் ஏவன்டேலில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஏறி நின்று, ஆசிரியர்கள் உட்பட எல்லோரையும் அந்த ஊர்களுக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குக் கோப்பையும் வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் அலுப்பதில்லை.

ஊர்களைக் கண்டவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்ஸுக்குப் போனவர் ஓர் ஊரில் இரண்டு கிழமைக்கு மேல் தங்கமாட்டார். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு படத் தபாலட்டை வரும். மலைச்சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் கல்வீடுகள், உச்சியில் ஒரு தேவாலயம். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. விலாசம் மட்டும் இருக்காது. எங்கள் பதில்கள் பாரிஸில் அவருடைய கூட்டாளி ஒருவருக்குப் போய், அங்கிருந்து அவரைத் தேடி அலையும்.

அப்பாவோ காலையில் பஸ் ஏறி நகரத்துக்கு வேலைக்குப் போய், மாலையில் அதே பஸ்ஸில் வாடித் திரும்புகிறவர். மாமாவைப் போலக் கொடுத்துவைத்தவர் உலகத்திலேயே இல்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டி வந்தபோது, அணுகுண்டுச் சோதனையை எதிர்த்து வந்து எங்கள் துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வெடிவைத்து மூழ்கடித்துச் சில கிழமைகளே ஆகியிருந்தன. பிரான்ஸ் என்றாலே ஆக்லாந்து முகத்தைச் சுளித்தது.

"உனக்கு வேற நாடே கிடைக்கேல்லையோ?" என்றார் அப்பா.

அம்மா தடுக்கவில்லை. "மாமான்ர பேரை மட்டும் சொல்லாதை" என்றார். நாவூறு பட்டுவிடும் என்று பயப்படுகிறார் என எடுத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் பேசியவள் உண்மையாகவே விடுமுறைக்குப் பிரான்ஸ் போய் வந்தவள். பாரிஸ் கோபுரத்தின் உயரத்தைச் சொன்னாள். பின்வரிசையில் சிலர் ஊளையிட்டார்கள். அந்தக் கோப்பை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் வெட்கம்.

நான் கோபுரத்தின் பக்கமே போகவில்லை. எந்த ஊரில் சந்தை கலைந்தபின் நல்ல பழங்களை விட்டுவிட்டுப் போவார்கள், எந்தத் தேவாலயக் கதவை இரவிலும் பூட்டுவதில்லை, எந்த ரொட்டிக்கடைச் சுவரில் சாய்ந்தால் உள்ளே எரியும் அடுப்பின் சூடு முதுகில் ஏறும் என்றெல்லாம் சொன்னேன். ஒன்றும் விசாரிக்காமல் கதவைத் திறந்து சூப் ஊற்றித் தந்த கிழவியையும் சொன்னேன். எல்லாம் மாமா எழுதியவை. கடைசி வரி மட்டும் என்னுடையது: கப்பலை உடைத்தவர்கள் வேறு, சூப் தந்த கிழவி வேறு.

ஊளையிட்டவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். ஊர் பார்க்கத் தெரிந்தவரின் கண் இது என்று தலைமையாசிரியர் மேடையிலேயே பாராட்டினார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு தெருவின் நடுவால் வீட்டுக்கு நடந்தேன். அம்மா என்னைக் கொஞ்சினார், ஒரு பாக்கெட் சாக்லேட் பிஸ்கட்டை முழுதாகத் தந்தார். மாமாவுக்கு அன்றே எழுதிப் போட்டேன்.

பதில் வர மாதங்களாயின. வந்தது படம் இல்லாத வெறும் கடிதம்.

"மருமகள், உனக்குக் கோப்பை கிடைச்சது. எனக்கு ஒரு அரசாங்கக் கடதாசி கிடைச்சது. இனி நான் ஒரே இடத்திலதான் இருப்பன்."

உறையின் பின்பக்கம் வீட்டு இலக்கம், தெரு, ஊர் என்று முழு விலாசம் இருந்தது. அம்மா அதைச் சுவாமிப் படத்தின் முன் வைத்து விளக்கேற்றினார். சர்க்கரைப் பொங்கல் வைத்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கும் கொடுத்தனுப்பினார். என் கோப்பைக்குப் பிஸ்கட், ஒரு விலாசத்துக்குப் பொங்கலா என்று எனக்கு ஒரே கோபம். அடுத்த வருடப் பேச்சுக்கு நான் எங்கே போவது?

"பாவம் மாமா, இனி ஊர் சுற்ற ஏலாது" என்றேன்.

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஓம், இனிச் சுத்த மாட்டான்" என்று என் வாயில் இன்னொரு கரண்டி பொங்கலை வைத்தார்.